ஜானு மாமி காட்டாத மெயில்கள்

பெற்ற பெண்ணைத் தலைமுழுகுவது என்று சீதாராமன் முடிவெடுத்த அன்று வைகையில் தண்ணீர் இல்லை. ஆட்டோ பிடித்து சிம்மக்கல் வரைக்கும் போய், பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்திருக்கிறார். நாணலும் நாலைந்து மாடுகளும்தான் தெரிந்தன. ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது என்பதற்காக ஆறு ஓடுமா? போன ஆட்டோவிலேயே கே.கே. நகருக்குத் திரும்பி, குளியலறைக்குள் புகுந்து, கீசரைப் போட்டுக்கொண்டு வெந்நீரில் முழுகினார். தை மாதக் குளிர். மனிதருக்கு இளைப்பு வேறு உண்டு. உறவு அறுந்தாலும் ஜலதோஷம் பிடிக்கக் கூடாது இல்லையா?

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். சீதாராமன் நடத்துவது சுபமங்களம் ஜாதகப் பரிவர்த்தனை மையம். திருநெல்வேலியிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் அவருடைய ஜாதியில் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளை, பெண் எல்லாருடைய ஜாதகமும் அவர் வீட்டு முன்னறையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. அப்பேர்ப்பட்டவருடைய ஒரே பெண் மதுவந்தி, உசிலம்பட்டிப் பக்கத்து அசோக்குமாரை, ஜாதகம் என்ற பேச்சையே எடுக்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். மிட்டாய்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை பக்கத்துக் கடையில் லட்டு வாங்கியது போல ஆகிவிட்டது. முன்னறையில் டோக்கன் கொடுக்கிற தங்கப்பொண்ணு இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் மட்டும்தான் சொன்னாள். கேட்காத வீடு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு சீதாராமன் கதவைச் சாத்திக்கொண்டதும் அவர் மனைவி ஜானு மாமி பின்பக்கமாக ஓடி, சுவரைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் கிடக்கார்டி, நான் ரகசியமாப் பேசறேன், நம்பரை மாத்திடாதே" என்றாள்.

மதுவந்தி கையை விடுவித்துக்கொண்டாள். "ரகசியமாப் பேசறதுக்கு நான் என்ன திருடிண்டா போனேன்? அப்பா கூப்பிடட்டும், வரேன். அவர் கூப்பிடாம நீயாக் கூப்பிட்டா எடுக்க மாட்டேன். நம்பர் இதேதான் இருக்கும்."

பிடிவாதம் யாருடைய சொத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜானு இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆக, அந்த வீட்டில் ஒரே ஒரு காரியம் நடந்தாக வேண்டும். சீதாராமன் வாயைத் திறந்து பெண்ணைக் கூப்பிட வேண்டும். ஜானு மாமி அதற்குப் பிறகு கும்பிட்ட கும்பிடெல்லாம் அதற்காகத்தான்.

சீதாராமனோ வேறு வேலையில் இருந்தார். பேரை அழிக்கிற வேலை. வாசல் பலகையில் 'மதுவந்தி இல்லம்' என்றிருந்ததைப் பெயின்ட் அடித்து மறைத்தார். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும், எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். ரேஷன் கார்டில் எடுத்தார். கடைசியில், காலையில் ஜானு கம்ப்யூட்டரைத் திறக்கும்போது அவள் விரல்கள் போகிற வழியைப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். ஜாதகங்கள் இருக்கிற டேட்டாபேஸுக்குத் தலைமைப் பாஸ்வேர்டே பெண்ணின் பேர்தான். அந்த ஏற்பாடு முழுவதையும் செய்து கொடுத்தவளே அவள்தானே, தன் பேரைத்தானே வைப்பாள்!

"இந்தப் பேர் இந்த ஆத்துல எங்கேயும் இருக்கப்படாது" என்று சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஜெயபாண்டியை வரவழைத்தார். அவரிடம்தான் அந்த மிஷினை வாங்கியது. ஜெயபாண்டி உடனே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தார். "இருப்பா, ராகு காலம் முடியட்டும்" என்றார் சீதாராமன்.

"சார், பாஸ்வேர்டுக்குமா?"

"எதுக்கா இருந்தா என்ன? புதுசுதானே?"

முகூர்த்தம் பார்த்து மாற்றப்பட்ட பாஸ்வேர்டு மதுரையில் அது ஒன்றுதான் இருக்கும். கூடலழகர் பேரை எடுத்து, எண் கணிதத்தில் கூட்டுத்தொகை சரியாக வர ஒரு எழுத்தை அதிகமாகச் சேர்த்து, வடக்குப் பார்த்து உட்கார்ந்து, ஜெயபாண்டி கையால் அடிக்க வைத்தார். ஜாதக சாஃப்ட்வேரிலும் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு ஜெயபாண்டி கிளம்பினார். எல்லாம் சுபம்.

சுபமில்லை என்பது மறுநாள் விடிந்ததும் ஜானுவுக்கு மட்டும் தெரிந்தது. ஜாதகம் அனுப்புகிறவர்களுடைய மெயிலை அவள்தான் திறப்பாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள், இங்கிலீஷ் படிப்பாள், கம்ப்யூட்டரைக் கண்டு மிரளமாட்டாள். மேலேயே ஒரு மெயில் கிடந்தது. மிஷின் தனக்குத் தானே அனுப்பியது: லாக் மாற்ற முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது.

அவளுக்கு அது என்னவென்று புரிந்தது. மதுவந்தி ஒருமுறை விளக்கியிருக்கிறாள். டேட்டாபேஸ் தான் செய்கிற ஒவ்வொன்றையும் வாய் ஓயாமல் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். யார் வந்தார்கள், எந்த ஜாதகத்தைத் திறந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று. தங்கப்பொண்ணு மாதிரி. அதற்குத்தான் லாக் என்று பேர். விடியற்காலையில் ஒரு சின்ன ப்ரோக்ராம் வந்து, எழுதின ஃபைலை மூடி, சுருக்கிக் கட்டி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது ஃபைலைத் திறந்து கொடுத்துவிட்டுப் போகும். "குப்பை அள்ள வராளேம்மா, அது மாதிரி. கேட் சாவி ஒண்ணு அவகிட்ட இருக்கும்" என்றாள் அப்போது.

இப்போது கேட்டின் பூட்டை மாற்றியாகிவிட்டது. குப்பை அள்ளுகிறவளிடம் இருப்பது பழைய சாவி. அந்தப் பழைய சாவி, மதுவந்தி மட்டுமே அறிந்த ஏதோ ஒரு மூலையில், மதுவந்தி என்ற பேராகவே இருக்கிறது. தினம் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை என்று ஒரு மெயில் போட்டுவிட்டுத் திரும்புகிறது. குப்பை சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் மிஷினில் இடம் தீரும். தீர்ந்தால் சுபமங்களம் நிற்கும். நின்றால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

ஜானு அந்த மெயிலை ஒரு தனி ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டுக் காபி போடப் போனாள். சீதாராமன், "என்னடி, முகமே தெளிஞ்சிருக்கு?" என்று கேட்டார். "வெயில் வந்துடுத்தே" என்றாள்.

இதைத் திட்டம் என்று சொன்னால் மாமி ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனாலும் தை போய், பங்குனி போய், சித்திரைத் திருவிழாவும் முடிந்து, தினம் ஒரு மெயில் வந்தது, தினமும் அதை ஃபோல்டருக்குள் தள்ளினாள். நடுவில் மிஷினில் எவ்வளவு இடம் பாக்கி இருக்கிறது என்று பார்க்கவும் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் கரண்ட் மீட்டரைப் பார்ப்பது போல அவள் அதைப் பார்த்தாள். குறையக் குறைய அவளுக்குப் பசி எடுத்தது. பெண்ணிடம் என்ன பேசுவது என்று மாவு அரைக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வாள். "ஒரு நாள் வந்துட்டுப் போடி. அவனையும் அழைச்சிண்டு வா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்." கிரைண்டர் சத்தத்தில் அவளுக்கே அது பாதிதான் கேட்கும்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீதாராமன் ஜாதக மேளா வைத்தார். வியாபாரம் படுத்திருந்தது. 'தன் வீட்டுப் பொண்ணை வைத்துக்கொள்ளத் தெரியாதவர் நம் வீட்டுப் பொண்ணுக்கு வரன் பார்க்கிறாராம்' என்று நாலு பேர் பேசினால் எந்த மையம்தான் நிற்கும்? அந்தப் பேச்சை ஒரே நாளில் அடக்க வேண்டும் என்று கல்யாண மண்டபம் பிடித்து, நாதஸ்வரத்துக்கு சிடி, சாம்பார் ரசத்தோடு சாப்பாடு எல்லாம் ஏற்பாடு. கம்ப்யூட்டரை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுபோனார்கள். விடியும் முன்பே மாட்டுத்தாவணியில் வெளியூர் பஸ்கள் இறங்க, மண்டபத்தில் கூட்டம் சேர்ந்தது. மஞ்சள் தடவிய ஜாதக நகல்கள், பெண்களின் ஃபோட்டோக்கள், சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிற அப்பாக்கள்.

ஜானு காலையில் இடம் எவ்வளவு பாக்கி என்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு வருஷக் கணக்காய்க் காத்திருக்கிற பெண்கள் இருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும். மனசுக்குள் அவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

பதிவு பாதி நடக்கும்போது நின்றது. தங்கப்பொண்ணு ஒரு பெண்ணின் நட்சத்திரத்தை அடித்துச் சேமிக்கப் போனால் சிவப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது.

"மாமி, மிஷினு எதையும் வாங்க மாட்டேங்குது."

"அப்படியா?" என்றாள் ஜானு. அவள் குரல் நடுங்கியதைத் தங்கப்பொண்ணு பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசையில் சலசலப்பு எழுந்தது. மைக்கில் சீதாராமன், "ஒரு சின்னத் தடங்கல், எல்லாரும் டிபன் சாப்பிடலாம்" என்றார். டிபன் ஏற்கெனவே முடிந்திருந்தது. பின்வரிசையில் ஒருவர், "சீதாராமன் சார் நேரம் பார்க்காம ஆரம்பிச்சுட்டாரோ?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஜெயபாண்டிக்கு ஃபோன் பறந்தது. அவர் பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து பார்த்தார்.

"டிஸ்க் ஃபுல்லு சார். என்னத்தையோ அடைச்சு வச்சிருக்கு."

"எடுத்துத் தூரப் போடு."

"எதைப் போட? இதுல எது குப்பை, எது ஜாதகம்னு எனக்குப் பிடிபடல. இதை எழுதுன தங்கச்சி தன் இஷ்டத்துக்கு அடுக்கி வச்சிருக்கு. நான் பாட்டுக்குக் கைய வச்சு, அம்புட்டும் போயிருச்சுன்னா? ஊர்ப்பட்ட பேரு சாபத்தை நான் வாங்கணுமா?" ஹெல்மெட்டை இப்போது கழற்றினார். "எழுதுனவங்களைக் கேட்டுருங்க சார். ஒரு போனு. அம்புட்டுத்தான்."

சீதாராமன் கைகழுவுகிற இடத்துக்குப் போனார். அங்கே குழாயைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டு நின்றதைத் தங்கப்பொண்ணு பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தபோது மேல்துண்டின் நுனி நனைந்திருந்தது. ஜானுவிடம், அவள் முகத்தைப் பார்க்காமல், "கேளு" என்றார்.

ஜானு அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மாதக்கணக்காகக் குப்பை சேர்த்திருந்தாள். ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. "யாரைக் கேக்கணும்?" என்றாள்.

"விளையாடாதேடி. இதை எழுதினவாளை."

பேர் வரவில்லை. பரவாயில்லை, கூப்பிடச் சொல்லிவிட்டார். ஜானு ஃபோனை எடுத்தாள். 'அப்பா கூப்பிடச் சொன்னார், எடு' என்று முதலில் ஒரு செய்தி அனுப்பினாள். அனுப்பிய கையோடு அங்கிருந்தே அழைப்பு வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா? அப்பா நிஜமாவே கூப்பிடச் சொன்னாரா?"

ஜெயபாண்டிக்கும் கேட்க வேண்டும் என்று ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தக் குரலில் இருந்த அவசரம் மூன்று பேருக்கும் கேட்டது.

"ஆமாண்டி. பக்கத்துலதான் நிக்கறார்."

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அவர்ட்ட குடு."

ஜானு ஃபோனை நீட்டினாள். சீதாராமன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கம்ப்யூட்டரைக் காட்டி, 'அதைக் கேளு, அதைக் கேளு' என்று கையால் சைகை செய்தார்.

"அம்மா? என்ன?"

"ஒண்ணுமில்லைடி... இங்கே மேளா நடக்கறது. சர்வர் நின்னுடுத்து."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"ஓ" என்றாள் மதுவந்தி. "அதுக்கா."

"அதுக்குன்னு இல்லைடி. நீ நன்னா இருக்கியா?"

"அப்பா கேக்கச் சொன்னாரா, நீ கேக்கறியா?"

ஜானு கணவரைப் பார்த்தாள். அவர் சிவப்பு வரியைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றாள்.

"அப்ப அதுக்குப் பதில் கிடையாது. அன்னிக்கே சொல்லிட்டேனே. மிஷின் முன்னாடி யார் இருக்கா?"

"நான் ஜெயபாண்டி பேசுறேன், தங்கச்சி. சிம்மக்கல்லு."

"வணக்கம் அண்ணே. பாஸ்வேர்டை மாத்தினீங்களா?"

"மாத்துனோம். தையில."

"எதுக்கு?"

ஜெயபாண்டி சீதாராமனைப் பார்த்தார், ஜானுவைப் பார்த்தார், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "சும்மாதான். பழசாயிருச்சுன்னு."

"என் பேரா இருந்ததாலயா?" சிரித்தாள், சிரிப்பு சீக்கிரம் முடிந்தது. "சரி, நான் சொல்ற இடத்துக்குப் போங்க."

சொன்னாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்த அறைக்குள் எந்த அறை, அதற்குள் எந்த ஃபைல் என்று வழி சொன்னாள். ஜெயபாண்டி போனார். அங்கே இருந்தது அந்தப் பேர், வாசல் பலகையில் பெயின்டுக்கு அடியில் இருப்பதைவிடத் தெளிவாக. சீதாராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதெல்லாம் பழைய லாக், எதை அழிக்கலாம் என்று அவள் சொல்லச் சொல்ல ஜெயபாண்டி அழித்தார். இடம் காலியானது. எத்தனையோ மாதமாக ஜானு ஏற்றி வைத்திருந்தது கண்ணெதிரில் இறங்கியது.

"இம்புட்டா!" என்றார் ஜெயபாண்டி.

"அண்ணே, இது தினம் ஒரு எரர் மெயில் போட்டிருக்குமே" என்றாள் மதுவந்தி. பிறகு மெதுவாக, "அம்மா, அது உனக்குத்தானே வரும். நீ பார்க்கலையா?"

ஜானு வாயைத் திறந்தாள். சீதாராமன் திரும்பினார். ஜெயபாண்டி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"கவனிக்கலைடி" என்றாள் ஜானு.

"நீயா? மின்சார பில்லுல பைசா தப்பா வந்தாலே ஃபோன் போடுவே."

ஜானு டோக்கன் கட்டை எடுத்து அடுக்கினாள்.  பெண்ணுக்குப் புரிந்துவிட்டது என்று ஜானுவுக்குப் புரிந்தது. இப்போது ஒரு சொல் வரும் என்று அவள் நினைத்தாள். 'ஐயோ அம்மா' என்றாவது.

"ஜெயபாண்டி அண்ணே," என்றாள் மதுவந்தி. குரல் ஆபீஸ் குரல் ஆகிவிட்டது. "புதுப் பாஸ்வேர்டை அந்த ஃபைல்ல போடாதீங்க. நாளைக்கு மறுபடி மாத்தினா மறுபடி நிக்கும். லாக் மாத்தறதுக்குன்னே தனியா ஒரு யூசரை உண்டாக்கி, அந்த வேலைக்கு மட்டும் அனுமதி குடுத்துடுங்க. அப்புறம் தலைமைப் பாஸ்வேர்டை யார் எத்தனை தடவை மாத்தினாலும் இது பாட்டுக்கு ஓடும்."

"அது வேணுமாடி இப்ப?" என்றாள் ஜானு. "இன்னிக்கு ஓடினாப் போறாதா?"

"வேணும்மா. நான் செஞ்ச வேலை, ஒழுங்கா இருக்கட்டும். முன்னாடியே இப்படிப் பண்ணியிருக்கணும், என் தப்பு."

"யூசருக்குப் பேரு என்ன வைக்க தங்கச்சி?"

"எது வேணா வையுங்க. என் பேரைத் தவிர."

ஜெயபாண்டி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி சிரித்தார். அவள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், அவர் அடித்தார். கடைசியில், "ஓட்டிப் பாருங்க" என்றாள். ஓடியது. தங்கப்பொண்ணு நட்சத்திரத்தை அடித்துச் சேமித்தாள், அதுவும் போனது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"அவ்வளவுதான். இனிமே நிக்காது. என்னைத் தேட வேண்டிய அவசியம் வராது."

"மது—"

"அம்மா, அப்பா இன்னும் நிக்கறாரா?"

நின்றிருந்தார். மைக் கையில் இருந்தது. ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் எடுத்துவிடுவார் போல உதடு பிரிந்தது. அதற்குள் யாரோ, "சார், அடுத்த டோக்கன்" என்றார்கள். அவர் மேடைப் பக்கம் திரும்பி, மைக்கைத் தட்டி, "டோக்கன் எழுபத்திரண்டு" என்றார்.

அது மண்டபம் முழுக்க எதிரொலித்தது. ஃபோன் வழியாகவும் போயிருக்கும். மதுவந்தி, "வச்சுடறேன்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

மத்தியானம் பந்தி நடந்தபோது சீதாராமன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மேளா ஜெயித்துவிட்டது. இலைக்கு இலை நின்று விசாரித்தார். ஜானுவைக் கடக்கும்போது மட்டும் குனிந்து, "அஞ்சு நிமிஷ வேலைக்கு அவளைக் கூப்பிட வெச்சுட்டியே. மெயிலை முன்னாடியே காட்டியிருந்தா ஜெயபாண்டியே பார்த்திருப்பான்" என்றார். திட்டுகிற குரலில்கூட இல்லை. ஏதோ பால் பொங்கிவிட்டது மாதிரி சொன்னார்.

ஜெயபாண்டி சாப்பிட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு விடைபெற வந்தார். "வாரேன் மாமி."

"ஜெயபாண்டி, இது மறுபடியும் நிக்குமா?"

மாமி பயந்து போயிருக்கிறாள் என்று அவருக்கு இரக்கமாக இருந்தது. "நிக்கவே நிக்காது மாமி. தங்கச்சி அம்புட்டு பக்காவாப் பண்ணிக் குடுத்திருக்கு. நீங்க நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க. இனி அந்த மிஷினு செத்தாத்தேன் உண்டு."

"மிஷின் எத்தனை நாள் வரும்?"

"நம்ம கடைச் சரக்கு மாமி" என்று ஜெயபாண்டி நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "பத்து வருஷத்துக்கு அசையாது."

"சந்தோஷம்" என்றாள் ஜானு மாமி. அவர் பைக் சத்தம் தெரு முனையில் தேயும் வரை படியில் நின்றாள். உள்ளே தங்கப்பொண்ணு, "மாமி, அடுத்த பொண்ணு ஜாதகம் எங்க வச்சீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.